வெறும் மங்கு

என் அப்பாவுக்குக் கடைசிவரை நான் ஒரு கேலிப்பொருள்தான். "வட்டிக் கடையில உட்கார வேண்டிய பய, சளிக் கடை வச்சு உட்கார்ந்திருக்கான்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். செட்டிநாட்டிலிருந்து மலாயாவுக்குக் கப்பலேறியவர்களில் கணக்குப் பார்க்காமல் கபம் பார்க்கப் போனவன் நான் ஒருவன்தான் என்பது அவர் எண்ணம். சிரித்துவிட்டுப் போகட்டும். ஜொகூர் ரப்பர் தோட்டத்து ஜனங்களின் நெஞ்சில் குழாயை வைத்து நான் கேட்ட சத்தங்களில் ஒன்றை அவர் காதில் போட்டிருந்தால் அந்தச் சிரிப்பு அன்றோடு நின்றிருக்கும்.

நெஞ்சு டாக்டர் என்று தனியாக ஒரு பிறவி அந்தக் காலத்தில் கிடையாது. மலேரியா, பாம்புக்கடி, பிரசவம், கத்தி பட்ட கால் எல்லாம் பார்த்து முடித்த பிறகு மிச்சமிருக்கிற நேரத்தில் நீ எதை வேண்டுமானாலும் ஆராய்ந்துகொள் என்பார்கள். நான் இருமலை எடுத்துக்கொண்டேன். யாருக்கும் வேண்டாதது அதுதான்.

சிம்பாங் ரெங்கத்திலிருந்து செம்மண் பாதையில் உள்ளே போனால், பக்கத்துப் பக்கத்துத் தோட்டங்கள் சில கூடி நடத்திய ஆஸ்பத்திரி ஒன்று இருந்தது. இப்போது அது இல்லை. பெயரும் வேண்டாம். அங்கே நான் சின்ன டாக்டர். வாரம் ஒரு முறை காரில் வந்து எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டுப் போகும் வெள்ளைக்காரர் பெரிய டாக்டர். ஆஸ்பத்திரியின் பின்பக்கம், சமையல்கட்டுக்கும் அப்பால், அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. அதற்கு இருமல் கொட்டகை என்று பெயர். க்ஷயரோகம் வந்தவனும் அங்கேதான், இழுப்பு வந்தவனும் அங்கேதான், சாதாரணச் சளிக்காரனும் அங்கேதான். க்ஷயக்காரர்களைத் தனியாகப் பிரித்துப் போடுங்கள் என்று நான் கேட்காத வாரம் கிடையாது. "எல்லாம் இருமல்தானே" என்பார் பெரிய டாக்டர். என்னத்தைச் சொல்ல!

மருந்து என்று எங்களிடம் என்ன இருந்தது? மீன் எண்ணெய். குமட்டுகிற ஒரு கறுப்புத் தண்ணீர். மூச்சு முட்டுகிறவனுக்கு ஊமத்தை இலையைச் சுருட்டிப் பற்றவைத்துக் கொடுப்போம். புகையால் கெட்ட நெஞ்சுக்குப் புகையே மருந்து! இதைப் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு கடல் தாண்டி வந்தவன் நான். நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஆனால் ஒரு விஷயம் எனக்குத் தெரிந்திருந்தது. தெரிந்திருந்தது என்பதுதான் பெரிய கொடுமை.

தோட்டத்து ஆலையில் ரப்பர் பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டுவார்கள். அந்த ஈரத் தகடுகளைப் புகைக்கூடத்தில் மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, கீழே விறகைப் போட்டு நாள்கணக்கில் புகைபோடுவார்கள். ஜன்னல் கிடையாது. புகை வெளியே போனால் தகடு காயாது. அடுப்பில் விறகைத் தள்ளிவிடவும் தகடுகளைத் திருப்பிப் போடவும் ஆள் உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். அப்படி உள்ளே போய் வருகிறவர்களை நான் வாசலிலேயே கண்டுபிடித்துவிடுவேன். எத்தனை தடவை குளித்தாலும் அந்த வாசம் உடம்பை விட்டுப் போகாது. ஒரே கூலி லயத்தில் குடியிருந்து, ஒரே அரிசியைத் தின்று, மரத்தில் பால் வெட்டப் போகிறவன் நன்றாக இருக்கிறான். புகைக்கூடத்துக்குப் போகிறவன் சில வருஷத்தில் நாலு படி ஏறினால் உட்கார்ந்துவிடுகிறான். அவன் சளியை எடுத்துச் சாயம் ஏற்றி மைக்ராஸ்கோப்பில் வைத்தால் க்ஷயக் கிருமி ஒன்றுகூட இராது. கொட்டகையில் சும்மா படுக்க வைத்தால் இருமல் தானாகக் குறையும். இது க்ஷயம் இல்லை, புகை செய்கிற வேலை. இதற்கு மேல் என்ன வேண்டும்? அடுப்பு வாயை வெளியே திருப்பி வை, கூரையில் ஒரு புகைபோக்கி வை, ஆளை மாற்றி மாற்றி உள்ளே அனுப்பு. நான் கேட்டது இவ்வளவுதான்.

மூச்சை அளக்க என்னிடம் யந்திரம் கிடையாது. ஆரம்பத்தில் ஒரு அகல்விளக்கை ஏற்றி முகத்துக்கு நேரே பிடித்து, ஊதி அணைக்கச் சொன்னேன். ஒருத்தரும் அணைக்கவில்லை. திடகாத்திரமான பெண்கள்கூட உதட்டைக் குவித்துவிட்டுச் சும்மா நின்றார்கள். தோட்டம் முழுக்க நெஞ்சு போய்விட்டது என்று நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். கட்டுப் போட்டு மருந்து கொடுக்க என்னோடு இருந்த டிரசர் விழுந்து விழுந்து சிரித்தார். அவர் மலாக்காவில் பிறந்து வளர்ந்த தமிழர்.

"அலமாக்! டாக்டர், வெளக்க வாயால ஊதி அணைக்கச் சொன்னா எந்தப் பொம்பள ஊதும்? வீட்டுக்கு ஆகாதுன்னு தெரியாதா உங்களுக்கு? எங்க வளந்தீங்க?"

அதற்குப் பிறகு தீக்குச்சிக்கு மாறினேன். தீக்குச்சியை ஊத யாருக்கும் மனத்தடை இல்லை. அன்றைக்கு நானும் சேர்ந்து சிரித்தேன். இந்த ஜனங்களின் ஆசாரம் என் ஆராய்ச்சிக்குள் எங்கெங்கே புகுந்துகொள்ளும் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டுமாம்! யாருக்கு முடியும்?

ரப்பர் விலை விழுந்த காலம் வந்தது. தோட்டங்களுக்கு ஆள் வேண்டாமல் போயிற்று. கப்பல் கப்பலாக ஜனங்களை ஊருக்குத் திருப்பி அனுப்பினார்கள். நாள்பட்ட இருமல் என்றால் யோசனையே இல்லை, அவன் க்ஷயக்காரன், ஏற்று கப்பலில். அந்த நேரத்தில்தான் ஒரு மனிதர் என்னிடம் வந்தார்.

முப்பது வயசுக்குள்தான் இருக்கும். புகைக்கூடத்து ஆள். தீக்குச்சியை உதட்டுக்கு இரண்டு விரல் தூரத்தில் பிடித்தேன், ஊதினார், சுடர் கொஞ்சம் சாய்ந்து மறுபடி நிமிர்ந்துகொண்டது. கூட வந்திருந்த மனைவி இடுப்பில் கைக்குழந்தையோடு அதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஐயா, எங்களக் கப்பல்ல மட்டும் ஏத்திடாதீங்க" என்றாள். "ஊர்ல எங்களுக்கு ஒருத்தரும் இல்ல. காலராவில எல்லாரும் போயிட்டாங்க. அங்க போயி எறங்கி எங்க நிப்போம்?"

"யாரும் ஏத்த மாட்டாங்கம்மா" என்றேன். கோபத்தில் சொன்னேன். இந்த ஒரு ஆளையாவது விடுவதில்லை என்று எனக்குள் ஒரு வெறி வந்துவிட்டது.

தோட்டத்துத் துரையிடம் போய்ச் சண்டை போட்டேன். சின்ன டாக்டர் துரையிடம் சண்டை போடுவது அந்த நாளில் நடக்கிற காரியமில்லை. பெரிய டாக்டரும் அன்று இருந்தார். கடைசியில் இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தார்கள். அந்த ஆள் ஒரு மாதம் வேலையே செய்யாமல் கொட்டகையில் இருக்கட்டும். மாதம் முடிந்ததும் பெரிய டாக்டர் முன்னால் கடைசியாக ஒரு முறை சளியைப் பார்ப்பது. கிருமி இல்லையென்றால் அவருக்கு நாற்றங்காலில் வெளிவேலை. அதோடு அந்தத் தோட்டத்துப் புகைக்கூடத்தில் நான் கேட்டபடி புகைபோக்கி வைத்துப் பார்ப்பது. கிருமி இருந்தால் கப்பல். நான் சந்தோஷமாகத் தலையாட்டினேன். அதற்கு முன்னால் இரண்டு தடவை அவர் சளியைப் பார்த்திருந்தேன், சுத்தமாக இருந்தது. இதில் தோற்க என்ன இருக்கிறது?

அந்த மாதம் என் வாழ்க்கையில் நான் சந்தோஷமாக இருந்த மாதம். மனிதர் தேறினார். முதல் வாரம் கோழை கட்டி கட்டியாக வந்தது, பிறகு குறைந்தது, பிறகு வெறும் கனைப்பு. கொட்டகையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். ஞாயிற்றுக்கிழமை மனைவி வந்தபோது, அவள் பார்க்க வேண்டுமென்றே தீக்குச்சியைப் பற்றவைத்து நீட்டினேன். ஒரே ஊதல். குச்சி அணைந்தது. அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குழந்தை அந்தப் புகையைப் பிடிக்கக் கையை நீட்டியது.

அவருக்குப் பக்கத்துக் கட்டிலில் வயசான ஒருவர் படுத்திருந்தார். முற்றிப்போன க்ஷயம். கப்பலுக்குக்கூட லாயக்கில்லை என்று விட்டுவைத்திருந்தார்கள். ஆனாலும் கொட்டகையில் அவரைப் போல் வாய் ஓயாமல் தமாஷ் பேசுகிறவர் கிடையாது. இவரைத் தம்பி என்பார், இவர் அவரை அண்ணன் என்பார். வெற்றிலை, சீனி, சுருட்டுத் துண்டு எது கிடைத்தாலும் ஆளுக்குப் பாதி. தள்ளிப் படுங்கள், அவர் எச்சில் பட்டதைத் தொடாதீர்கள் என்று நான் கத்திக்கொண்டே இருப்பேன். அந்தப் பக்கம் தலையாட்டிவிட்டு இந்தப் பக்கம் பகிர்ந்துகொள்வார்கள்.

சளி பிடிக்க நாங்கள் கொடுப்பது மூடி போட்ட சின்ன எனாமல் கோப்பை. தோட்டத்து ஜனங்கள் அதை மங்கு என்பார்கள். அவர்கள் வீட்டில் டீ குடிக்கிற மங்குக்கும் இதற்கும் மூடியைத் தவிர வித்தியாசம் கிடையாது. காலையில் பல் விளக்குமுன் அதில் துப்பி டிரசரிடம் கொடுக்க வேண்டும். எதற்காகத் துப்புகிறோம், அதில் நாங்கள் எதைத் தேடுகிறோம் என்று கூலி ஜனங்களிடம் அந்தக் காலத்தில் எந்த ஆஸ்பத்திரியிலும் யாரும் உட்கார்ந்து சொன்னதில்லை. டாக்டர் குழாய் வைத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்கிறார், மங்கு ஏதோ சுத்தத்துக்காக என்றுதான் அவர்கள் நினைத்திருந்தார்கள்.

அந்தக் காலை வந்தது. பெரிய டாக்டர் நாற்காலியில் உட்கார்ந்து பைப் புகைத்துக்கொண்டிருந்தார். நான் சளியை எடுத்துக் கண்ணாடியில் தேய்த்து, சூடு காட்டி, சிவப்புச் சாயம் போட்டுக் கழுவி, நீலம் போட்டுக் கண்ணை வைத்தேன்.

நீலத்துக்கு நடுவில் சிவப்புச் சிவப்பாகக் குச்சிகள். ஒன்றா இரண்டா! சந்தைக் கூட்டம் போல் இருந்தது.

அதே கோப்பையிலிருந்து மறுபடி எடுத்துப் பார்த்தேன். அதேதான். பெரிய டாக்டர் வந்து குனிந்து பார்த்தார். என் தோளில் தட்டினார். அடித்திருந்தால்கூடத் தேவலை. "உன் புகை வியாதிக்குக் கிருமி இருக்கிறதே, அப்பா" என்றார்.

"கோப்பை மாறியிருக்கும். நாளைக்கு வேறு சளி எடுத்துப் பார்க்கிறேன். ஒரே ஒரு நாள் கொடுங்கள்" என்று கெஞ்சினேன். கோப்பை மாறவில்லை, அந்த ஆள் கையிலிருந்தே வாங்கினேன் என்று டிரசர் சொன்னார். பெரிய டாக்டருக்கு அது போதும். கிருமி பொய் சொல்லாது என்றார். உண்மைதான், கிருமி பொய் சொல்லவில்லை.

மறுநாளே லாரி வந்துவிட்டது. கைக்குழந்தையை க்ஷயக்காரரோடு ஏற்ற முடியாது, அவர் மட்டும் முன்னால் போகட்டும், பிறகு பார்க்கலாம் என்றார்கள். மனைவி தோட்டத்திலிருந்து ஓடி வந்திருந்தாள்.

"ஐயா, நல்லாத்தானே ஆயிட்டாரு? குச்சிய ஊதினாரே, நான் பாத்தேனே?"

நானே மண்டை காய்ந்துபோய் நின்றுகொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்த்துக் கும்பிட்டார். "நீங்க கேட்டதெல்லாம் குடுத்தேனே ஐயா" என்றார். அதை அப்போது நான் ஒரு குறையாகத்தான் எடுத்துக்கொண்டேன். லாரி போன பிறகு பக்கத்துக் கட்டில் பெரியவர் பேச்சை நிறுத்திவிட்டார். கொஞ்ச நாளில் அவர் இறந்துபோனார்.

கப்பலில் க்ஷயக்காரர்களை மேல்தளத்தில் தனியாகக் கயிறு கட்டி ஒதுக்கி வைப்பார்களாம். அது ஐப்பசி மழைக்காலம். இரவும் பகலும் நனைந்து, குளிர்காய்ச்சல் கண்டு, கரை தெரிவதற்கு முன்னாலேயே இறந்துபோனார் என்று அதே கப்பலில் போய்த் திரும்பிய ஒருவர் வந்து சொன்னார். தேறிய நெஞ்சு அது. என் கண் முன்னால், ஒரே ஊதலில் குச்சியை அணைத்த நெஞ்சு.

என் ஆராய்ச்சி அதோடு மண்ணாய்ப் போயிற்று. புகைபோக்கிப் பேச்சை எடுத்தாலே துரை சிரிப்பார். எனக்கும் சந்தேகம் வந்துவிட்டது, அதுதான் கேவலம். இத்தனை வருஷமாக நான் பார்த்ததெல்லாம் க்ஷயம்தானோ, கிருமி ஒளிந்திருந்து கடைசியில்தான் தலையைக் காட்டுமோ என்று படுத்தால் தூக்கம் வராது. எழுதி வைத்ததையெல்லாம் கட்டிப் பரண்மேல் போட்டேன். இருமல் கொட்டகைக்குப் போவேன், குழாயை வைப்பேன், மீன் எண்ணெய் கொடுப்பேன், வருவேன். அப்பா காரைக்குடியில் காலமானார் என்று செய்தி வந்தது. கேலி செய்யக்கூட ஆளில்லை என்று ஆகிவிட்டது.

சில வருஷங்கள் கழித்து அதே பெண் கொட்டகைக்கு வந்தாள். முதலில் எனக்கு அடையாளம் தெரியவில்லை. வாசம்தான் தெரிந்தது.

"புகைக்கூடத்துலயா வேலை?"

"அவரு எடத்துல என்னைப் போட்டாங்க ஐயா. அவரு போனதும் பால் வெட்டுல ஆள் கொறச்சிட்டாங்க. பிள்ளைய வச்சிக்கிட்டு நான் எங்க போவேன்?" அதைச் சொல்வதற்குள் மூன்று தடவை மூச்சு வாங்கினாள். அவள் உதட்டுக்கும் அதே இரண்டு விரல் தூரத்தில் தீக்குச்சியைப் பிடித்தேன். சுடர் சாய்ந்து நிமிர்ந்துகொண்டது.

கொட்டகையில் சேர்த்துக்கொண்டேன். பழைய ஆவேசமெல்லாம் எனக்கு இல்லை. படுத்திருக்கட்டும் என்றுதான். வந்த அன்று எடுத்த சளியில் கிருமி இல்லை. நாளாக ஆக இருமல் தணிந்தது. அவர் தேறிய அதே மாதிரி, படிப்படியாக. நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன், பார்க்கப் பிடிக்கவில்லை.

போவதற்கு முன் கடைசியாக ஒரு முறை சளி பார்க்க வேண்டும் என்பது விதி. மங்கைக் கொடுத்தேன். மறுநாள் காலை அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு என் அறை வாசலில் தயங்கி நின்றாள்.

"என்னம்மா?"

"ஒண்ணும் வரமாட்டேங்குது ஐயா. காலையிலேருந்து முக்கிப் பாத்துட்டேன், தொண்ட காஞ்சு கெடக்கு. அந்த மூலைக் கட்டில் அக்காகிட்ட கேட்டேன். அதுக்கென்ன, தாரேன்னு சொன்னாங்க. ஐயாகிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு வாங்கிக்கலாம்னுதான்…"

மூலைக் கட்டிலில் இருந்தவளுக்கு க்ஷயம்.

"எதை வாங்கிக்கப் போறே?"

"சளியத்தான் ஐயா. குடுத்த மங்க எப்படி வெறுமையா திருப்பிக் குடுக்கறது?" என்றாள், பச்சைக் குழந்தைக்குச் சொல்வது போல. எங்கள் ஊரிலும் அதுதான் வழக்கம். பக்கத்து வீட்டுப் பாத்திரத்தைக் காலியாகத் திருப்பிக் கொடுக்கக்கூடாது, ஒரு பிடி அரிசியோ வெல்லமோ போட்டுத்தான் கொடுக்க வேண்டும். என் அம்மா ஒரு நாளும் தவறியதில்லை.

"எங்க வீட்டுக்காரருக்கும் அன்னிக்கி இதே மாதிரிதான் வறண்டு போச்சாம்" என்று அவளே தொடர்ந்தாள். "டாக்டரு நமக்காகத் தொரைகிட்ட எல்லாம் சண்ட போட்டாரு, வெறும் மங்க நீட்டுனா அவரு மனசு என்ன பாடுபடும்னு தவிச்சிருக்காரு. பக்கத்துக் கட்டில் அண்ணன்தான், 'ஏண்டா தம்பி இதுக்குப் போயி, எங்கிட்ட இல்லாததா'ன்னு தன்னுதுல பாதிய ஊத்திக் குடுத்தாராம். லாரி ஏறும்போது சொல்லிச் சொல்லி மாஞ்சாரு. அண்ணன் மாதிரி மனுசன் கெடைக்க மாட்டான்னாரு. எப்பேர்ப்பட்டவங்க, இல்லீங்களா ஐயா?"

நான் மேசையைப் பிடித்துக்கொண்டேன்.

அந்த வெறும் கோப்பை! அதைத்தானே நான் கேட்டேன். புகையை விட்டு வெளியே வந்ததும் நெஞ்சு காய்ந்துவிட்டது, துப்ப ஒன்றும் இல்லை என்பதற்கு அதைவிட வேறு சாட்சி ஏது? காலியாக நீட்டியிருந்தால் அவர் நாற்றங்காலில் செடி நட்டுக்கொண்டிருப்பார். கூரையில் புகைபோக்கி இருந்திருக்கும். இவள் இந்த வாசலில் நின்றிருக்க மாட்டாள். தேறியதால் செத்தார். என்னை மதித்ததால் செத்தார். யாரைத் திட்டுவது? சாகக் கிடந்தும் தன்னிடம் இருந்த ஒன்றே ஒன்றைப் பங்கு போட்டுக் கொடுத்தாரே, அந்தப் பெரியவரையா?

"ஐயா, என்ன ஆச்சு?"

அவளிடம் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? அவளிடம் மிச்சமிருந்தது அந்த ஒரு நல்ல கதைதான்.

"யார்கிட்டயும் வாங்க வேண்டாம்மா. வெறும் மங்காவே குடு" என்றேன்.

"வெறுமையாவா?" அவள் முகம் சுருங்கிவிட்டது. நான் கோபித்துக்கொண்டேன் என்று நினைத்தாள். உள்ளே போனாள். கொஞ்ச நேரத்தில் மூடியைப் போட்டு இரண்டு கையாலும் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டுப் போனாள். திறந்து பார்த்தேன். அடியில் ஒரு சிட்டிகை சீனி இருந்தது. காலை டீக்குக் கொடுத்த சீனியில் மிச்சம் பிடித்திருக்கிறாள். கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

பெரிய டாக்டரிடம் கிருமி இல்லை என்று சொன்னேன். புகையை விட்டதால் தேறினாள், மறுபடி உள்ளே அனுப்பினால் செத்துப்போவாள் என்றும் சொன்னேன். பழைய கோப்பையின் கதையையும் சொன்னேன். எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "அதெல்லாம் இப்போது யார் நிரூபிப்பது? கிருமி இல்லையென்றால் வேலைக்குத் தகுதி, அவ்வளவுதானே" என்றார். வேறு வேலை இல்லை என்று துரை சொல்லியனுப்பினார். அந்த வாரமே அவளைப் புகைக்கூடத்துக்குக் கூட்டிப்போக லாரி வந்தது.

ஏறுவதற்கு முன் என்னைத் தேடி வந்து கும்பிட்டாள். "நல்ல வேள ஐயா, என்னையும் கப்பல்ல ஏத்தாம காப்பாத்தி விட்டீங்க" என்றாள். மூச்சு வாங்காமல் ஒரே மூச்சில் சொன்னாள். அப்போது அவளுக்கு இருமலே இல்லை.